பிலிப்பைன்ஸின் விடுதலை நாள் ஜூன் 12தான்

பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4இல் அமெரிக்காவிடமிருந்து விடுதலை பெற்றது என்று சொல்வது பாதி உண்மைதான். அமெரிக்க ஆட்சி காலூன்றும் முன்பே அங்கே ஒரு குடியரசு நடந்துகொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் அமெரிக்கா ஆளத் தொடங்கியது.

1898 ஜூன் 12 அன்று, மணிலாவுக்குத் தெற்கே கவித் என்ற ஊரில் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சி முடிந்தது என்றது அது. ஆனால் அந்தப் பிரகடனத்திலேயே, அப்போது ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவின் பாதுகாப்பை நம்பும் வரியும் இருந்தது. கால்கள் செயலிழந்த நிலையிலும் புரட்சியின் மூளையாக இயங்கிய அபோலினாரியோ மபினிக்கு இது உறுத்தியது. அந்நியரின் துணையைவிட மக்களின் ஒப்புதலே முக்கியம் என்று அவர் வாதாடினார். ஆகஸ்ட் 1 அன்று பக்கோர் நகரில் கூடிய ஊர்த் தலைவர்கள் விடுதலையை உறுதிப்படுத்தினார்கள்.

செப்டம்பர் 15இல் மலோலோஸ் நகரத்து பரசோயின் தேவாலயத்தில் பேரவை கூடியது. 1899 ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியரசுத் தலைவரைவிடப் பேரவைக்கே அதிக அதிகாரம். ஸ்பானியத் துறவிகள் பெருநிலக்கிழார்களாக வாழ்ந்த நாட்டில், அரசையும் மதத்தையும் பிரிக்கும் பிரிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பேரவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், நிலவுடைமையாளர்கள். உழவர்களின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. பெரிய குறைதான். ஆனால் தன்னைத் தானே ஆளத் தெரியாத மக்கள் என்று அமெரிக்க அரசியல்வாதிகள் அவர்களைப் பற்றிச் சொன்னது அப்பட்டமான பொய்.

குடியரசு தோற்ற இடம் வெளியுறவு. அதன் தூதர் பெலிப்பே அகோன்சில்யோ வாஷிங்டனில் அதிபர் மெக்கின்லியைச் சந்தித்தார், பாரிஸுக்கும் போனார். அங்கே ஸ்பெயினும் அமெரிக்காவும் நடத்திய பேச்சுவார்த்தை அறைக்குள் அவரை யாரும் விடவில்லை. 1898 டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஜப்பானில் குடியரசின் பிரதிநிதி மரியானோ போன்சே ஆயுதம் திரட்டினார். சீனப் புரட்சியாளர் சுன் யாட்சென் உதவினார். ஆயுதம் ஏற்றிய நுனோபிகி மாரு கப்பல் 1899 ஜூலையில் புயலில் மூழ்கியது. எந்த வல்லரசும் குடியரசை அங்கீகரிக்கவில்லை.

1899 பிப்ரவரி 4இல் குடியரசுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போர் மூண்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க செனட் 57க்கு 27 என்ற வாக்கில் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றது. 1901 மார்ச்சில் அகினால்டோ சிறைபிடிக்கப்பட்டார். போரில் இறந்த பிலிப்பினோ வீரர்கள் மட்டும் 20,000க்கு மேல். வன்முறையிலும் பஞ்சத்திலும் நோயிலும் மடிந்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க அரசின் வரலாற்றாளர்களே தரும் கணக்கு.

1946இல் கிடைத்த விடுதலையாவது முழுமையானதா? நாட்டின் நாணயமான பெசோவின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது. இயற்கை வளங்களில் அமெரிக்கருக்குச் சம உரிமை தர அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. எதிர்த்திருக்கக்கூடிய சில உறுப்பினர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமே மறுக்கப்பட்டது. 1947இல் ராணுவத் தளங்கள் அமெரிக்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. பிறகு அந்தக் காலம் குறைக்கப்பட்டது. 1991இல் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்று நிராகரித்த பின்தான், மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் சுபிக் தளம் காலியானது.

விடுதலை நாளை ஜூன் 12க்கு மாற்றியவர் அதிபர் தியோஸ்தாதோ மக்கபகல். 1962 மே மாதம், இரண்டாம் உலகப் போர் இழப்பீடாக 7.3 கோடி டாலர் தரும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்த சில நாட்களில் அந்த ஆணை வந்தது. கோபம் அதற்கு ஒரு தூண்டுகோலாக இருந்திருக்கலாம். முடிவு சரியானது, 1964இல் அது சட்டமாகவும் ஆனது.