கூடி அமைக்கும் மாதிரியும் அதற்கு வேண்டிய திறமையும்

ஏரி நீர்ப் பங்கீடு போன்ற பொதுக் காரியங்களில், விளையப்போவதை முன்கூட்டி அறியும்பொருட்டு மாதிரி அமைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. மாதிரியென்றால் மாதிரிப் பண்ணை அன்று. இவ்வளவு மழை பெய்து, இத்தனை நாள் மதகு திறந்தால் கடைமடைக்கு நீர் எட்டுமா என்று தாளிலோ கம்ப்யூட்டரிலோ கணித்துப் பார்க்கும் ஏற்பாடேயாகும். இதனை அதிகாரிகள் மட்டும் அமைத்தல் போதாது. லாப நஷ்டம் அடைவோரும் உடனிருந்து அமைக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

உத்தியோக ஆரம்பத்தில் நான் செய்த பிழையே இதற்குச் சாட்சி. ஓர் ஏரியின் கொள்ளளவைப் பதிவேட்டிற் கண்டபடி எடுத்துக்கொண்டு, ஆயக்கட்டு முழுவதும் நெல் நடலாமென்றேன். நீர்க்கட்டியை ஒரு வார்த்தை கேட்டேனில்லை. வண்டல் படிந்து ஏரி மேடிட்டிருந்ததை அவர் அறிவார். கடைமடைப் பயிர் கதிர் வெளிவரும் சமயத்தில் காய்ந்துபோயிற்று. கணக்கில் பிழையில்லை, கேளாமையே பிழை.

சென்னைப் பட்டணத்தில் கூவம் நதியைக் குறித்து நடந்த முயற்சி இவ்விஷயத்தில் நமக்குப் பயன்படும். திருவள்ளூர் ஜில்லா ஏரிகளின் உபரி நீரைப் பெற்றுவரும் அந்நதி, பட்டணத்துச் சாக்கடையைச் சுமந்து கடலில் விழுகிறது. கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் மார்ட்டின் பஞ்ச் என்பார், சென்னைச் சர்வகலாசாலைப் பூகோளப் பகுதியாருடன் சேர்ந்து, 1998, 1999 ஆகிய வருஷங்களில் இலாகா அதிகாரிகள், அறிஞர்கள், பொதுநல ஸ்தாபனத்தார் முதலியோரைக் கூட்டினார். அவர்கள் நதியின் நிலைமையை முதலில் கையாற் படம் வரைந்து பார்த்தனர். அசுத்த நீர் என்ற ஒரு குறை மட்டுமன்று. சாக்கடை, குடிசைவாசிகளின் நிலை, ஜனப்பெருக்கம், இலாகாக்களின் பொறுப்பு யாவும் பின்னிக் கிடப்பது புலப்பட்டது. கம்ப்யூட்டர் மாதிரியும் அக்கருத்துக்களைத் தழுவியே அமைந்தது. இதனால் கூவம் தெளிந்துவிடவில்லை. ஆயினும் எதைக் கணிக்க வேண்டுமென்பது தெளிந்தது.

ஆகவே, மாதிரி அமைப்பவனுக்குக் கணிதம் மட்டும் போதாது. பெரிய நிலக்காரர் பேசுமுன் கடைமடைக்காரரைப் பேசவைக்கும் சாமர்த்தியம் வேண்டும். கன அடிக் கணக்கை, இத்தனை நாள் பாய்ச்சலென்று விளங்கும்படி சொல்லவேண்டும். அளந்து கண்டது எது, உத்தேசம் எது என்பதை மறையாமல் உரைக்கும் நேர்மை வேண்டும். இரு சாரார் வழக்காடினால், இருவர் சொல்லையும் தனித்தனியே கணித்துக் காட்டும் நடுநிலை வேண்டும். தவறென்று பிறர் காட்டியவிடத்துத் திருத்திக்கொள்ளும் பணிவு எல்லாவற்றினும் முக்கியம். கணக்கறிந்தவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். இக்குணங்களை அவ்விதம் பெறல் இயலாது.

இப்படிக் கூட்டங்கூடினால் காலதாமதம் ஆகுமென்பர். இரண்டு நாள் தாமதத்தைத் தாங்கலாம். ஒரு போக நஷ்டத்தைத் தாங்குவது எளிதன்று.

கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் ஒன்று செய்யக்கூடும். நவரைப் பட்டத்திற்கு நாற்று விடுமுன், பதிவேட்டையும் நீர்க்கட்டியையும் ஒருங்கே ஏரிக்கரைக்கு அழைத்து வருக. கோலமாவால் ஆயக்கட்டைத் தரையில் வரைந்து, மதகு மதகாய்க் கேட்டுக் குறித்து, பிறகு எத்தனை ஏக்கர் நடலாமென்று தீர்மானிப்பீர்களாக.