நிறுத்துமுன் குறித்துக்கொள்க

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் மேல்வளிமண்டலக் காற்றை அளந்து வருகிறது. இத்தகைய அளவீடுகளைத் திரட்டித் தருவது கணிப்பொறியே. எந்த நிலையத்திலாயினும் அது தடுமாறியவுடன் அணைத்து மீண்டும் இயக்குவதே எளிய வழியாகத் தோன்றும். ஆனால், காரணத்தை அறியும் வாய்ப்பு அதனால் அழிந்துபோகிறது.

இயக்க மென்பொருளின் மையப்பகுதி கெர்னல் எனப்படும். லினக்ஸில் கெர்னல் தன் செய்திகளை நேரத்துடன் நினைவகத்தில் எழுதி வருகிறது. இடம் நிறைந்ததும் பழையவற்றின் மீதே புதியவை எழுதப்படும். வட்டில் சேராத குறிப்புகள் மின்சாரத்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். 2008-இல் சேர்க்கப்பட்ட எஃப்டிரேஸ் என்னும் கருவி, பணிகள் ஓடிய வரிசையையே தடம் காட்டும்.

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி, அடிக்கடி தானே மறுதொடக்கம் கொண்டது. பூமியிலிருந்த மாதிரிக் கணிப்பொறியில் தடம் பதிந்து ஆராய்ந்தபோதே காரணம் புலப்பட்டது: வானிலை அளவீட்டுப் பணி பிடித்திருந்த பொதுப்பூட்டுக்காக, அதனினும் முதன்மையான பணி காத்து நின்றது. திருத்தம் பூமியிலிருந்தே அனுப்பப்பட்டது.

தடம் பதிவதால் வேகம் சிறிது குறையலாம்; எனினும், காரணம் அறியாது இயக்கிய பொறி மீண்டும் நிற்கும். ஆகவே, கட்டளையை ஏற்கும் நிலையிலிருந்தால் செய்திகளை முதலில் வட்டில் சேமிக்க வேண்டும். உறைந்துவிட்டால் திரையில் உள்ளதையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். பிறகே அணைத்தல் முறை. ஆசிரியர்கள் இப்பழக்கத்தை மாணவர்க்குத் தொடக்கத்திலேயே ஊட்டுதல் நலம்.