அளந்தது செல்லா... சீரமா?

பயோடெக், பயோகெமிஸ்ட்ரி ஃபைனல் இயர் மக்களே! வளர்த்த செல்லுக்கு மருந்து கொடுத்து, புரோட்டீனைப் பிரிச்சு, ஜெல்ல ஓட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்.

செல்லுக்கு நாம ஊத்துற மீடியத்துல வழக்கமா 10 சதவீதம் மாட்டுச் சீரம் இருக்கும். அதுல ரொம்ப அதிகமா இருக்கிற புரோட்டீன் ஆல்புமின். தட்டைச் சரியா கழுவாம லைசிஸ் பஃபரை ஊத்தினா, அதுவும் கூடவே வந்துடும். பிராட்ஃபோர்டு சாயத்துக்கு மாடு, மனுஷன்னு பேதம் கிடையாது, எல்லாத்துக்கும் நீலமாகும். வேடிக்கை என்னன்னா, அந்தச் சோதனையில நாம ஸ்டாண்டர்டா வைக்கிறதும் பெரும்பாலும் அதே மாட்டு ஆல்புமின்தான்!

விவகாரம் இங்கேதான். மருந்து பட்ட தட்டுல செல் குறைஞ்சிருக்கும். ஒட்டிக்கிட்டு நிற்கிற சீரமோ ரெண்டு தட்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு. ரெண்டுலயும் 20 மைக்ரோகிராம் எடுத்து ஓட்டினா, மருந்துத் தட்டு சாம்பிள்ல சீரத்தோட பங்கு கூடுதல். நீங்க தேடுற புரோட்டீன் மெலிசா தெரியும். 'ஆஹா, மருந்து வேலை செய்யுது'ன்னு தீசிஸ்ல எழுதிடுவீங்க! ஆக்டின் பேண்டும் சேர்ந்தே மெலிஞ்சிருக்கா, 66 கிலோடால்டன் பக்கம் தடியா ஒண்ணு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க.

தட்டை ஐஸ் மேல வெச்சு, குளிர்ந்த பிபிஎஸ்ல 2, 3 தடவை கழுவுங்க. சுவரோரமா ஊத்தணும், நேரா அடிச்சா செல் பிய்ஞ்சுக்கும். கடைசியில தட்டைச் சாய்ச்சு மிச்சத்தையும் உறிஞ்சிடுங்க. செல்லைச் சாகடிக்கிற மருந்தா? அப்போ செத்த செல் மிதக்கும். மீடியத்தைக் கொட்டினா அதுவும் போயிடும். தனியா சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, அதையும் கழுவிச் சேர்த்துக்குங்க. செல்லை எடுக்க ஸ்கிரேப்பர் நல்லது. டிரிப்சினே ஒரு புரோட்டீன், செல் மேற்பரப்புல இருக்கிறதையும் வெட்டிடும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புறவங்களுக்கு இன்னொரு வில்லன், நம்ம தோல்லயும் முடியிலயும் இருக்கிற கெரட்டின். கிளவுஸ் போட்டா மட்டும் போதாது பாஸ், அதே கையால தலையைக் கோதக் கூடாது!

செல்லுக்குள்ளேயே மைக்கோபிளாஸ்மா புகுந்திருந்தா எந்தக் கழுவலும் உதவாது. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்புல தெரியாது, செல் சுவர் இல்லாததால பெனிசிலினும் பலிக்காது. பிராஜெக்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கைடுகிட்ட கேட்டு, ஒரு பிசிஆர் டெஸ்ட் போட்டுடுங்க.