காதுக்குள்ள ஒரு இஸ்டோர் ஓடுது

போன வருஷம் மழைக்காலத்தில் பிடித்த தடிமன் ஒரு கிழமையில் போய்விட்டது. போகும்போது இடது காதில் ஒரு சத்தத்தை விட்டுவிட்டுப் போனது. காய்ந்த சருகை யாரோ கையில் வைத்துக் கசக்குவது மாதிரி ஒரு 'கறகற'. எச்சில் விழுங்கினால் கறகற, கொட்டாவி விட்டால் கறகற. ஹட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை இறக்கத்தில் போகும்போது காது அடைக்கும். கித்துள்கல தாண்டும்போது 'டப்' என்று திறக்கும். அதற்குப் பிறகும் அதே கறகற.

முதல் இரண்டு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாங்க? "காதுல பூச்சி போயிருக்கும்." கடைசியில் அதைத்தான் சொன்னாங்க. பக்கத்துக் காம்பரா பாட்டி வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்துவிட்டார். வேணாம் பாட்டி என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தபோதுதான், திண்ணையில் இருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் இருக்குதான். காதுக்குள்ள ஒரு இஸ்டோர் ஓடுது. ராவுலயும் நிக்கிறதில்ல."

"எத்தன வருஷமாப்பா?"

"நீ ஸ்கூலுக்குப் போக முந்தியே."

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்பா அங்கே 27 வருஷம் ரோலரில் வேலை செய்தவர். இவ்வளவு காலமாக அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. டீவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார் என்று சண்டை பிடித்திருக்கிறோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கோபப்பட்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

என் சத்தமும் அப்பாவின் சத்தமும் ஒன்றில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதை யூஸ்டேசியன் குழாய் என்பார்கள். செவிப்பறைக்கு இரண்டு பக்கமும் காற்றழுத்தத்தைச் சமமாக வைப்பது அதன் வேலை. தடிமனில் அது வீங்கினால் ஒழுங்காகத் திறந்து மூடாது, அதனால் கறகற. மலை ஏறி இறங்கும்போது கூடுவதும் அதனால்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு இறங்கினால் அழுத்தம் மாறத்தானே செய்யும்! பெரும்பாலானவர்களுக்கு இது சில கிழமைகளில் சரியாகும். எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. சில நேரம் காதில் திரண்ட குறும்பி செவிப்பறையில் பட்டாலும் இதே மாதிரி கேட்கும்.

அப்பாவின் கதை வேறு. உள்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. வெளியே இருந்து வரும் அதிர்வை நரம்புக்குச் சொல்வது அவைதான். நீண்ட காலம் இரைச்சலில் நின்றால் அவை சாகும். மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. வராத சத்தத்துக்காக மூளை தன் 'வொல்யூமை'க் கூட்டுகிறது, அதைத்தான் இல்லாத சத்தமாகக் கேட்கிறோம் என்பது மருத்துவர்கள் தரும் முக்கிய விளக்கம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டல் பரிசோதனை செய்தோம். அதன் முடிவை ஒடியோகிராம் என்ற தாளில் கோடாகக் கீறித் தருகிறார்கள். இரைச்சலால் கெட்ட காதுக்கு அந்தக் கோடு பொதுவாக 4,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும். அப்பாவின் தாளிலும் அந்தப் பள்ளம் இருந்தது. யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிரிந்து கேட்காது. "இது எத்தனை வருஷத்துக்கு முன்ன தொடங்கினது, முந்தின ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. 27 வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அவர் காதை அளக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்திலிருந்து, தோட்டம் எல்லாவற்றையும் அளந்துகொண்டேதான் இருக்கிறது. கொழுந்தை நிறுப்பார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். பெரட்டுக்குப் பிந்தினால் அதுவும் கணக்கு. செக்ரோலில் எங்கள் நாள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளியின் காது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. கை மெஷினில் மாட்டினால் இரத்தம் வரும், அதை விபத்து என்று எழுதுவார்கள். காது போனால் இரத்தம் வராது. அதனால் அது காயமே இல்லை என்று நாங்களும் நம்பிவிட்டோம். "வயசாச்சு, செவிடாப் போச்சு" என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

சிலர் கேட்பார்கள்: "சம்பளத்துக்கே போராட்டம், லயத்துக் கூரை ஒழுகுது, இதுல காதா?" நியாயமான கேள்விதான். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை எவ்வளவு பாடுபட்டோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சம்பளம், வீடு, காணி எல்லாம் முடிந்த பிறகு காதைப் பார்ப்போம் என்றால் அதற்குள் இன்னொரு தலைமுறையின் காது போய்விடும். வீட்டைப் பிந்தியாவது கட்டலாம், மயிர்க்கலத்தைக் கட்ட முடியாது. கேட்காத காதோடு ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது உயிர் ஆபத்தும்கூட.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையால் வரும் பாதிப்புக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு கேட்கப் போனால் ஆதாரம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் காது எப்படி இருந்தது என்ற தாள் இல்லாமல் எதைக் காட்டுவது? அதனால் தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் இந்த மூன்றையும் வைக்க வேண்டும்: இஸ்டோரில் சேரும்போதும் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் கேட்டல் பரிசோதனை, மெஷின் பக்கம் நிற்கும் ஒவ்வொருவருக்கும் காது மூடி, ஒரே ஆளை வருஷக்கணக்கில் இரைச்சலான இடத்திலேயே போடாமல் மாற்றி மாற்றி வேலை. கோடிக்கணக்கில் செலவாகும் விஷயம் எதுவும் இதில் இல்லை.

எவ்வளவு சத்தம் ஆபத்து என்று தெரிந்துகொள்ள கருவி தேவையில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டி இருந்தால், அந்த இடத்தில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கலாம். 85 இல் 8 மணித்தியாலம்தான் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 இல் 4, 91 இல் 2.

இந்தக் கணக்கு எங்களுக்கும்தான். கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகிற நாங்கள், பஸ் இரைச்சலை அடக்க இயர்போனை முழுச் சத்தத்தில் வைக்கிறோம். திருவிழாவில் ஸ்பீக்கருக்கு முன்னாலேயே நின்று ஆடுகிறோம். உலகத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்களின் காது இப்படி ஆபத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காதில் சத்தம் இருந்தால் எண்ணெய் ஊற்றாதீங்க, குச்சி விடாதீங்க. டொக்டரிடம் காட்டுங்க. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மறுநாளே போங்க. அதற்கு நாள் முக்கியம். நாடித்துடிப்போடு சத்தம் கேட்டாலும், தலை சுற்றினாலும், சீழ் வந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

அப்பாவின் சத்தத்தை நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் முழு அமைதியில்தான் அது பெரிதாகத் தெரியும், வேறு மெல்லிய சத்தம் இருந்தால் அமுங்கும் என்றார்கள். தகரத்தில் மழை விழும் இரவுகளில் அவர் நன்றாகத் தூங்குவதற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. மழை இல்லாத நாளில் இப்போது ரேடியோவை மெதுவாகப் போட்டு வைக்கிறோம். பேசும்போது முகத்துக்கு நேரே வந்து பேசுகிறோம்.

உங்கள் வீட்டிலும் இஸ்டோரில் வேலை செய்தவர் ஒருவர் இருப்பார். இன்றைக்கு ராத்திரி அவரிடம் கேட்டுப் பாருங்க, காதுக்குள்ள ஏதாவது சத்தம் கேக்குதா என்று. அநேகமாக, நீங்கள்தான் முதல் ஆளாகக் கேட்டிருப்பீங்க.