நடைமேடை யாருக்காக நீள்கிறது?

பரமத்தி வேலூருக்கு ரயில் நிலையம் கிடையாது. இங்கிருந்து ரயில் ஏற வேண்டுமானால் காவிரிப் பாலத்தைத் தாண்டி புகளூருக்கோ கரூருக்கோ போக வேண்டும். இல்லையென்றால் இந்தப் பக்கம் மோகனூர், நாமக்கல். சேலம் - கரூர் பாதையில் 2013இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கும்வரை மாவட்டத் தலைநகரான நாமக்கல்லுக்கே ரயில் இல்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு ரயில் நிலையச் சீரமைப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. இந்த ஊர் வாழைத்தாரும் வெற்றிலையும் லாரியில் போகின்றன. அவற்றை வெட்டியும் கிள்ளியும் கட்டியும் கொடுத்துவிட்டு, அந்தக் கூலி போதாமல் கரூருக்கும் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில்தான் போகிறார்கள்.

'அம்ரித் பாரத்' திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. நாடெங்கும் 1300க்கும் மேற்பட்ட நிலையங்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. நமக்குப் பக்கத்தில் கரூரும் நாமக்கல்லும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புதிய முகப்பு, வண்ண விளக்கு, மின்தூக்கி, வாகன நிறுத்தம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். வசதி வருவதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்? வரட்டும். ஆனால் நிலையத்துக்குள் நுழைகிறவனின் கண்ணில் படுவது முகப்பு. அவன் உயிரோடு வீடு திரும்புவதைத் தீர்மானிப்பது நடைமேடையும் தண்டவாளமும். அந்த இரண்டும் யாரை மனதில் வைத்துத் திட்டமிடப்படுகின்றன என்பதே நம் கேள்வி.

ரயில் வந்தால் சாதி கரையும் என்று 1853இலேயே காரல் மார்க்ஸ் எதிர்பார்த்தார். ரயில் கொண்டுவரும் தொழில் வளர்ச்சி, பரம்பரைத் தொழில் பிரிவினையை உடைக்கும் என்பது அவர் கணிப்பு. நடந்தது வேறு. 1901இல் சிறுவனாக இருந்த அம்பேத்கர் உடன்பிறந்தவரோடும் உறவினர் பிள்ளைகளோடும் தந்தையைப் பார்க்கக் கிளம்பி மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை அணிந்திருந்த பிள்ளைகளிடம் பரிவாகப் பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் மகர் சாதி என்று தெரிந்ததும் விலகிப் போனார். மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொள்வது என்ற பேரத்தில்தான் பயணம் தொடர்ந்தது. ரயிலில் டிக்கெட்டுக்குச் சாதி இல்லை. இறங்கிய நடைமேடையில் சாதி காத்துக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் அது கட்டடமாகவே நின்றது. தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறோர் இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்துப் போராடிய பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. அந்தத் தடுப்பு ஏதோ தற்செயலாக முளைத்ததல்ல. ஒருவர் வரைபடம் போட்டார், ஒருவர் ஒப்புதல் கொடுத்தார், ஒருவர் கட்டினார். நிலையத்தின் வடிவமைப்பு எப்போதுமே வெறும் பொறியியல் விவகாரமாக இருந்ததில்லை.

தண்டவாளத்தின் கதை இதைவிடக் கொடியது. பெரிய நிலையங்களில் நடைமேடையை ஒட்டிய தண்டவாளம் ஜல்லியில் இல்லாமல் கான்கிரீட் தளத்தில் பதிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அது ஏன்? பெட்டிகளின் கழிப்பறையிலிருந்து நேராகக் கீழே விழும் மலத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளுவதற்கு. அதாவது, இங்கே ஒரு மனிதர் இறங்கி மலம் அள்ளுவார் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் போடப்பட்ட தளம் அது. வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள் என்று பெட்டிக்குள் எழுதி வைத்தார்கள். பயன்படுத்தினால் யார் அள்ள வேண்டியிருக்கும் என்பதை எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அந்தக் கைகள் பெரும்பாலும் அருந்ததியர் கைகள்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அதே சட்டத்தின் விளக்கத்தில், அரசு அறிவிக்கும் கருவிகளும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருதத் தேவையில்லை என்று ஒரு சந்தும் வைத்தார்கள். கையுறை போட்டால் இழிவு போய்விடுமாம்! 2014 மார்ச்சில் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், தண்டவாளத்தில் மலம் அள்ளுவதைக் காலவரையறை வைத்து ஒழிக்க ரயில்வே திட்டமிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு உயிரிக் கழிப்பறைகள் பெட்டிகளில் வேகமாகப் பொருத்தப்பட்டன. இது போராடிப் பெற்ற மாற்றம். குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொட்டிகள் அடைத்துக்கொள்வதையும் பழுதாவதையும் 2017இல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. அடைத்த தொட்டியைத் திறப்பவர் யார்? முன்பு நடைமேடை ஓரத்தில் எல்லோர் கண்முன்னும் நடந்த வேலை, பயணிகள் பார்க்க முடியாத பணிமனைக்குள் போய்விடக் கூடாது. இடம் மாறுவது ஒழிப்பு ஆகாது.

இன்னொன்று. நிலையத் துப்புரவு இன்று பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள் கையில். ரயில்வேயின் நேரடி வேலையில் இட ஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தக்காரரிடம் அது கிடையாது. எழுத்தர் வேலைக்கு ஒதுக்கீடு கேட்டால் தகுதி, திறமை என்று கூச்சல் போடுகிறவர்கள், துடைப்பம் பிடிக்கும் வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிகளுக்குப் போய்ச் சேர்வதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இனி நடைமேடைக்கு வருவோம். 2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன புறநகர் வண்டி, மின்கம்பிக் கோளாறு காரணமாக விரைவு வண்டிகளின் பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். குறைந்தது நான்கு உயிர்கள் போயின. முந்தைய நாளும் அதே இடத்தில் உயிர்ப்பலி நடந்திருந்தது. 'படியில் தொங்கியது தவறு' என்ற பேச்சுத்தான் உடனே கிளம்பியது. வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில், அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாத நிலையில், உள்ளே கால் வைக்க இடமில்லாதவன் வேறெங்கே தொங்குவான்? அந்தச் சுவர் நிற்கும் தூரத்தை அளந்தவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. இறந்தவர்களின் சாதியை நாம் தேடவில்லை. நெரிசல் நேரத்துப் படிக்கட்டில் தொங்குவது எந்த வர்க்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே பரங்கிமலை, அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று திறந்துவைக்கப்பட்டது.

மும்பை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று குறுகலான நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் செத்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் இராணுவம் புதிய பாலத்தையே கட்டி முடித்தது. ஐந்து மாதத்தில் முடிகிற வேலைக்கு 23 பிணங்கள் தேவைப்பட்டன. பணமும் தொழில்நுட்பமும் இல்லாததால் அல்ல, யாருடைய நெரிசல் அவசரம் என்ற கணக்கால்தான் வேலைகள் தள்ளிப்போகின்றன.

நம் பக்கத்து நிலையங்களுக்கு வருவோம். முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு முனைகளில் இருக்கும். நிழற்கூரையும் குடிநீர்க் குழாயும் இருக்கையும் நடைமேடையின் நடுவில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்காரர் நிழலில் நிற்கிறார். மூட்டையும் குழந்தையுமாக வந்த கூலித் தொழிலாளி வெயிலில், சில நிலையங்களில் நடைமேடையே தீர்ந்துபோன இடத்தில், நின்று தாவி ஏறுகிறார். உயர்மட்ட நடைமேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் அளவுதான். அந்த அளவு நடைமேடையின் கடைசி அடிவரை இருக்க வேண்டாமா?

ஆகவே கரூர், நாமக்கல் நிலையங்களைப் புதுப்பிக்கிறவர்களிடம் நாம் கேட்பது இதுதான். நடைமேடையின் உயரமும் கூரையும் குடிநீரும் முன்பதிவில்லாப் பெட்டி நிற்கும் இடம்வரை நீள வேண்டும். நடைமேம்பாலம் அந்த முனையிலும் இறங்க வேண்டும். இல்லையென்றால் மக்கள் தண்டவாளத்தைத்தான் கடப்பார்கள், அப்புறம் அவர்கள் மேலேயே பழி போடுவீர்கள். தண்டவாளத்திலும் பணிமனையிலும் மனிதக் கழிவில் மனிதக் கை படக் கூடாது. 'கருவி கொடுத்துவிட்டோம்' என்ற சந்து அடைக்கப்பட வேண்டும். துப்புரவுப் பணி நேரடி வேலையாக வேண்டும். அதுவரை, ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்ற சட்ட விதியையாவது நிறைவேற்ற வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் உடை மாற்ற, குளிக்க, உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கட்டுமானத்துக்கு முன்பே தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

1941இல் ஒழிந்த பிரிவினை தானாக ஒழியவில்லை. கேட்டார்கள், போராடினார்கள், ஒழிந்தது. புதிய நிலையத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தோழர்கள், அப்படியே நடைமேடையின் கடைசி முனைவரை ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கொடுங்கள். நம் கோரிக்கை அந்த முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.