அளவு கேட்டு வாங்குங்கள்

மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம் வந்தால் போதும், கட்டட சைட்டில் முதல் திட்டு சித்தாள் பெண்களுக்குத்தான். "ஹெல்மெட் எங்கே? பூட் எங்கே? கொடுத்ததைப் போட மாட்டீங்களா?" கொடுத்தது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

நான் வேலை பார்க்கும் சைட்டில், ஸ்டோரில் இருக்கும் கம்பூட் எல்லாம் எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர். பெண்களில் பலருக்கு நாலு, ஐந்துதான். பழந்துணியைச் சுருட்டி முன்னால் திணித்துக்கொண்டு நடக்கிறார்கள். கான்கிரீட் போடும் நாளில் லொடலொட பூட்டுக்குள் கலவை இறங்கிவிடும். ஈர சிமென்ட் காரம். உள்ளேயே தங்கி மணிக்கணக்கில் தோலை அரிக்கும். சாயங்காலம் கழற்றினால் கணுக்கால் வெந்து சிவந்திருக்கிறது. "இதுக்கு வெறுங்காலே தேவலாம் மேடம்" என்கிறார் ஒரு அக்கா. நான் என்ன பதில் சொல்ல?

கையுறையும் அப்படித்தான். விரல் நுனி காலியாகத் தொங்கினால் செங்கல்லைப் பிடிப்பது எப்படி? உயரத்தில் மாட்டும் பெல்ட்டின் பட்டை இரண்டு தொடையையும் சுற்றி வரவேண்டும். புடவை கட்டியவர் அதை எங்கே மாட்டுவார்?

ஹெல்மெட் கதை இன்னும் மோசம். கொண்டை போட்ட தலையில் அது சரியாக உட்காராது. சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்கும் தலையில் ஹெல்மெட்டுக்கு ஏது இடம்? சுமையை மேலே ஏற்ற ஒரு வின்ச் வைக்காமல் ஹெல்மெட் மட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது கணக்குக் காட்டத்தான். வெயிலுக்கும் தூசுக்கும் உண்மையில் உதவுவது, புடவைக்கு மேல் அவர்களே போட்டுக்கொள்ளும் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை.

அளவை மதிக்கிற இடமும் உண்டு. 2019 மார்ச்சில் நாசாவின் இரண்டு வீராங்கனைகள் சேர்ந்து விண்வெளியில் நடப்பதாக இருந்தது. இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு மேலங்கி ஒன்றுதான் தயாராக இருந்தது. அளவில்லாததைப் போட்டுக்கொண்டு போ என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்குப் பதில் ஆண் வீரர் போனார். பெண்கள் இருவர் சேர்ந்து நடந்தது அக்டோபர் 18-ல்தான். இங்கே அளவில்லாத பூட்டோடு சாரம் ஏறச் சொல்கிறோம். ஏற மறுத்தால் அன்றைய கூலி போச்சு.

பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர்களே, சிறிய நம்பர் பூட்டும் கையுறையும் கடையில் கிடைக்காத பொருளல்ல. அடுத்த லோடு வாங்கும் முன் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கால் அளவு, கை அளவு எடுங்கள். போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். அதுவரை அவர்களைத் திட்டாதீர்கள்.