பீம் தியேட்டருக்குப் போனால்...



2008ல் போகோ சேனலில் அறிமுகமான சோட்டா பீம், 2012ல் தம்யானின் சாபக் கதையோடு, கார்ட்டூன் படமாகத் தியேட்டருக்கு வந்தான். அதே கதையை, நிஜச் சிறுவர்களை நடிக்க வைத்து, 2024ல் மீண்டும் எடுத்தார் ராஜீவ் சிலகா. எடுபடவில்லை. ஏன்?

லட்டு தின்னும் பீமை வீட்டு 'டிவி'யிலேயே பார்த்து விடலாம். தாம்பரம், பல்லாவரத்திலிருந்து குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்பினால், டிக்கெட், ஆட்டோ, பாப்கார்ன் என்று அப்பாவின் பர்ஸ் காலி! அவ்வளவு செலவுக்கு, 'டிவி'யில் கிடைக்காத புதுக்கதை வேண்டாமா? அம்மாவும், அப்பாவும் கொட்டாவி விடாமல் ரசிக்க வேண்டாமா?

திரை பெரிதானால் போதாது. கதையும் பெரிதாக வேண்டும். அடுத்த கார்ட்டூன் படத்துக்கு அடம்பிடிக்கும் முன், 'இதில் புதுசா என்ன இருக்கு?' என்று யோசியுங்கள், செல்லங்களே!